ஷின்ஜுகு பையன்களும் ஒரு குடும்பப் பதிவேடும்

கவிஞர் சல்மாவைப் பத்தி 2013ல வந்த ஆவணப்படத்தை உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. துவரங்குறிச்சி, பூட்டின வீடு, ஜன்னல், ஒளிச்சு ஒளிச்சு எழுதின கவிதைகள். அந்தப் படத்தை எடுத்தவர் கிம் லாங்கினாட்டோன்னு ஒரு பிரிட்டிஷ் அம்மா. அதுக்கப்புறம் சல்மா 2025ல மாநிலங்களவைக்கே போயிட்டாங்க, அது தனிக்கதை. எனக்கு அன்னிக்கு ஆச்சரியமா இருந்தது வேற விஷயம். தமிழ் தெரியாத ஒருத்தர் கேமராவைத் தூக்கிட்டு ஒரு தமிழ் வீட்டுக்குள்ள போய், அந்த வீட்டு ஆளுங்க பாட்டுக்குப் பேசிட்டு இருக்கற மாதிரி எப்படி எடுத்தாங்க?

சரி, இவங்க வேற என்ன எடுத்திருக்காங்கன்னு நோண்ட ஆரம்பிச்சேன். ஈரானில் விவாகரத்து கேட்டு நீதிமன்றம் ஏறும் பெண்கள், கேமரூனில் பெண் நீதிபதி, உத்தரப்பிரதேசத்தில் பிங்க் கலர் சேலை கட்டிய படைன்னு பட்டியல் நீளுது. அதுக்கெல்லாம் முன்னாடி ஜப்பானில் சில படங்கள். அதில் ஒண்ணுதான் 'ஷின்ஜுகு பாய்ஸ்'. 1995ல வந்தது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஜேனோ வில்லியம்ஸ்னு இன்னொருத்தரும் சேர்ந்து இயக்கினது. அவருக்கு ஜப்பானிய மொழி அத்துப்படி.

ஒரு சனிக்கிழமை ராத்திரி தங்கமணியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'நியூ மர்லின்'னு ஒரு கிளப். அங்கே வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். அவங்களுக்கு மது ஊத்திக் கொடுத்து, சிகரெட் பத்த வெச்சு, பக்கத்துல உட்கார்ந்து கதை கேட்கற 'ஹோஸ்ட்'கள் கோட்டு சூட்டு போட்ட ஆண்கள். ஆனா அவங்க பிறந்தப்போ எழுதின சான்றிதழில் பெண்ணுன்னு இருக்கும். இன்னிக்குத் தமிழில் திருநம்பின்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது. கிட்டத்தட்டன்னு ஏன் இழுக்கறேன்னு பின்னாடி சொல்றேன்.

படம் முடிஞ்சதும் தங்கமணி கேட்டது ஒரே கேள்வி. "ராத்திரி சரி. பகல்ல இவங்க என்ன பண்ணுவாங்க?"

"தூங்குவாங்க, விடிய விடிய வேலை பார்த்தவங்க"ன்னு சொல்லிட்டு நானும் தூங்கப் போயிட்டேன். ஆனா கேள்வி தூங்கலை. அதைத் துரத்திட்டுப் போனதில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல இடம். ஷின்ஜுகு ரயில் நிலையம்தான் உலகத்திலேயே கூட்டம் அதிகமான நிலையம். அதுக்குக் கிழக்கால இருக்கற பகுதிக்குப் பேர் கபுகிச்சோ. போரின்போது குண்டு விழுந்து எரிஞ்சு போன பேட்டை. போருக்கப்புறம் உள்ளூர்ப் பெரியவங்க கூடிப் பேசி, இங்க ஒரு கபுகி நாடகக் கொட்டகை கொண்டு வரணும், கௌரவமான பொழுதுபோக்குப் பேட்டையா ஆக்கணும்னு முடிவு பண்ணி, 1948ல பேரையும் அப்படியே வெச்சுட்டாங்க. கொட்டகை வரவே இல்லை. பேர் மட்டும் நின்னு போச்சு. கௌரவத்துக்குப் பதிலா மதுக்கூடங்களும் கிளப்புகளும் வந்து, ஜப்பானின் மிகப்பெரிய ராத்திரிப் பேட்டையா ஆயிடுச்சு.

அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தா ஷின்ஜுகு 2ஆம் வட்டாரம், நிச்சோமே. அது அரசாங்கம் கண்டும் காணாம விட்ட சிவப்பு விளக்குப் பகுதியா இருந்தது. 1956ல விபச்சாரத் தடைச் சட்டம் போட்டு, 1958ல முழுசா அமலாச்சு. பழைய வியாபாரம் காலி பண்ணின அறைகளில் ஒருபாலின ஈர்ப்புள்ளவங்களுக்கான சின்னச் சின்ன மதுக்கூடங்கள் வந்து குடியேறின. ஒரு சட்டம் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பினா, அந்தக் காலி இடத்துல சட்டம் நினைச்சே பார்க்காத இன்னொரு கூட்டம் வந்து உட்காருது.

கபுகின்னு பேச்சு வந்ததால ஒரு சின்ன கொசுவத்தி. இன்னிக்கு கபுகி நாடகத்துல பெண் வேடமும் ஆண்கள்தான் போடறாங்க. ஆனா அதை ஆரம்பிச்சு வெச்சது ஒகுனிங்கற ஒரு பெண். 1603 வாக்குல கியோட்டோவில் ஆண் உடை போட்டு, இடுப்பில் வாள் சொருகி ஆடினாங்க. ஊரே திரண்டு பார்த்தது. 1629ல அரசாங்கம் பெண்கள் மேடையேறவே தடை போட்டது. அப்புறம் ஆண்களே பெண்ணா நடிக்கறது ஒரு பெரிய கலையா வளர்ந்துச்சு. ஆண் உடையில் ஆடின பெண் ஆரம்பிச்ச கலையின் பேரை, வராத ஒரு கொட்டகைக்காக ஒரு பேட்டைக்கு வெச்சு, அந்த வட்டாரத்திலேயே கடைசியில் நியூ மர்லின் வந்து சேர்ந்திருக்கு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்லை. ஆனா இப்படி அமையறப்போ எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

அடுத்தது தகராசுகா. இது தெரியாம நியூ மர்லினுக்கு வந்த பெண்களைப் புரிஞ்சுக்கவே முடியாது.

ஒசாகா பக்கம் ரயில் கம்பெனி நடத்தின கோபயாஷி இச்சிஸோன்னு ஒரு தொழிலதிபர். தன்னோட ரயில் பாதையின் கடைசி நிலையம் தகராசுகா, வெந்நீர் ஊற்று ஊர். கூட்டம் வந்தாத்தானே டிக்கெட் விக்கும்? உள்ளரங்க நீச்சல் குளம் ஒண்ணு கட்டினார். தண்ணி ஜில்லுன்னு இருந்தது, ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்க அனுமதியும் இல்லை. படுத்துடுச்சு. மனுஷன் அசரலை. குளத்துக்கு மேல பலகை போட்டு மூடி அரங்கமாக்கினார். 1913ல சின்னப் பெண்களைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பிச்சு 1914ல முதல் நிகழ்ச்சி போட்டார். எல்லா வேடமும் பெண்களே. ஆண் வேடம் போடறவங்களுக்கு 'ஒதோகோயாகு'ன்னு பேர். நடை, குரல், உட்காருற விதம், பார்வைன்னு வருஷக்கணக்கா பயிற்சி. நூறு வருஷம் தாண்டி இன்னிக்கும் அரங்கம் நிறையுது, நிறைக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள்.

இதுக்குப் போட்டியா டோக்கியோவில் ஷோச்சிகு கம்பெனி ஒரு குழு நடத்தினது. அதில் மிசுனோயே தகிகோன்னு ஒரு நட்சத்திரம். 1930களின் தொடக்கத்தில் ஆண் வேடத்துக்காக முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டாங்க. அதுவரைக்கும் முடியைத் தொப்பிக்குள்ள சுருட்டி வெச்சுத்தான் ஆண் வேடம். இவங்க வெட்டினதும் பெண் ரசிகைகள் கிறுகிறுத்துப் போயிட்டாங்க. 1933ல கம்பெனி சம்பளத்தில் கை வெச்சப்போ ஆட்டக்காரிகளைத் திரட்டி வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினதும் இதே அம்மாதான். பிற்காலத்தில் சினிமாத் தயாரிப்பாளர், 2009 வரைக்கும் வாழ்ந்தாங்க. அவங்களுக்குன்னு தனிப் பதிவே போடலாம்.

விஷயம் என்னன்னா, 'பெண் உடம்பில் வரும் அழகான ஆண்' ஜப்பானிய ரசிகைகளுக்குப் புதுசே இல்லை. பாட்டி காலத்துலேர்ந்து கைதட்டின உருவம். ஆனா ஒரு நிபந்தனை, மேடையோட நிக்கணும். தகராசுகாவின் தாரக மந்திரமே 'தூய்மையாக, நேர்மையாக, அழகாக'. கல்யாணம் பண்ணிக்கிட்டா குழுவிலிருந்து விலகணும். அங்கே கத்துக்கிட்ட ஒழுக்கத்தோட நல்ல மனைவியா நல்ல அம்மாவா வீட்டுக்குப் போவாங்கங்கறதுதான் நிறுவனரோட கணக்கு. லாங்கினாட்டோவும் வில்லியம்ஸும் இதைப் பத்தியும் 'ட்ரீம் கேர்ள்ஸ்'னு ஒரு படம் எடுத்திருக்காங்க. அது ஷின்ஜுகு பாய்ஸுக்கு முந்தி வந்தது. முடிஞ்சா ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. முதல் படத்தில் ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும் கோட்டைக் கழட்டி வைக்கிறாங்க. ரெண்டாவது படத்தில் கழட்ட மாட்டேங்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த ஒரு வித்தியாசத்துக்குக் கொடுத்த விலை இருக்கே!

இப்ப படத்துக்குள்ள போவோம். மூணு பேர். கைஷ், தாட்சு, கஸுகி. கிளப்புக்குள்ள வெச்சுக்கிட்ட பேர்கள். கைஷ் கொஞ்சம் அலட்சியம், ஸ்டைல், பெண்கள் சுத்திச் சுத்தி வர்றாங்க, ஆனா யாரையும் ரொம்பக் கிட்ட விடறதில்லை. தாட்சு ஆண் ஹார்மோன் எடுத்துக்கறார், காதலியோட ஒரு வீட்டில் வாழறார், மூணு பேரில் குடும்பஸ்தன் களை இவருக்குத்தான். கஸுகி ஒரு திருநங்கை நடனக்காரரோட வாழறார். அது காதலா, துணையா, நட்பான்னு ஒரே சொல்லில் அடைக்க முடியாது, அவங்களும் அடைக்கலை. கேமரா யாரையும் குடையலை. பாட்டுக்கு இருக்கு, அவங்க பேசறாங்க. துவரங்குறிச்சியில் நான் பார்த்து அசந்த அதே வித்தை 18 வருஷம் முன்னாடியே இங்க இருக்கு.

கிளப்போட வேலைமுறையையும் சொல்லிடறேன். ஹோஸ்ட் கிளப் ஜப்பானுக்கே உரிய வியாபாரம். ஆண்களுக்காகப் பெண்கள் உபசரிக்கற ஹோஸ்டஸ் கிளப்புகள் முதல்லயே இருந்துச்சு, அதைத் திருப்பிப் போட்டாங்க. கபுகிச்சோவில் 1971ல 'ஐ'ன்னு ஒரு ஹோஸ்ட் கிளப் வந்து பிரபலமாச்சு. ஐன்னா ஜப்பானிய மொழியில் அன்பு, காதல். வர்ற பெண் தனக்குப் பிடிச்ச ஹோஸ்டைப் பேர் சொல்லிக் கேட்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம். பாட்டில் வாங்கினா அவ பேரெழுதி கிளப்பிலேயே வெச்சிருப்பாங்க. ஹோஸ்டோட சம்பளம் அவரால் எவ்வளவு வித்துச்சுங்கறதைப் பொறுத்தது. ஆக, ஹோஸ்ட் விக்கறது சரக்கை இல்லை, கவனத்தை. நீ சொல்றதை நான் கேட்கறேன், உன் பிறந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு.

நியூ மர்லின் ஹோஸ்டுகள் இதில் ஒரு படி மேல. வர்ற பெண்கள், பிறப்பால் ஆணானவங்களிடம் சலிச்சுப் போனவங்க. ஒரு ஆண், ஆனா தன் மனசும் புரிஞ்ச ஆண், அதுதான் அங்கே அவங்களுக்குக் கிடைக்குது.

ஹோஸ்ட் பக்கத்துலேர்ந்து பார்த்தா அவருக்கு இது நடிப்பில்லை, அவரே அதுதான். ஆனா வாடிக்கையாளர் காசு கொடுக்கறது ஒரு கனவுக்கு. தன் உண்மையை, கனவுன்னு லேபிள் ஒட்டித்தான் விக்க வேண்டியிருக்கு. கூடவே இன்னொரு தொல்லை, எல்லா ஆணையும் விட நல்ல ஆணா இருந்தாகணும். மத்த ஆம்பளைங்க சும்மா சட்டை போட்டுட்டு நின்னாலே ஆம்பளைதான். இவங்க ஒவ்வொரு ராத்திரியும் பரீட்சை எழுதணும்.

அவங்களை அன்னிக்குச் சொன்ன வார்த்தையையும் பார்க்கணும். 'ஒனாபே'. நாபேன்னா குழம்பு வைக்கற சட்டி. பெண்மை கலந்த ஆண்களை 'ஒகாமா'ன்னு கேலி பண்ணுவாங்க, காமான்னா சோறு வடிக்கற பானை. அதுக்கு எதிர்ப்பதமா சட்டியைக் கொண்டு வந்துட்டாங்க. பானைன்னா இவங்க, சட்டின்னா அவங்க. சமையல்கட்டிலிருந்து ஒரு வசவு! படத்தில் அவங்களே தங்களைச் சொல்லிக்கப் பயன்படுத்தற சொல் அது. ஆனா இன்னிக்கு ஜப்பானில் நிறைய பேர் அதை அவமரியாதையாத்தான் பார்க்கறாங்க. படத்துக்கு அந்தக் காலத்தில் எழுதின ஆங்கில அறிமுகங்களில் 'ஆண்களாக வாழும் பெண்கள்'னு இருக்கும். இன்னிக்கு எழுதினா 'டிரான்ஸ் ஆண்கள்'னு வரும். மூணு பேருமே அந்தச் சொல்லைத் தங்களுக்குன்னு எடுத்துப்பாங்களான்னு அவங்களைக் கேட்காம நாம முடிவு பண்ண முடியாது. அதான் முன்னாடி கிட்டத்தட்டன்னு இழுத்தேன்.

மொழியில் இன்னொரு சுவாரசியம். தமிழில் 'நான்'னு சொல்றப்போ ஆணா பெண்ணான்னு தெரியாது. ஆனா அடுத்தவங்களைப் பத்திப் பேசினா 'வந்தான்', 'வந்தாள்'னு வினைச்சொல்லிலேயே மாட்டிப்போம். ஜப்பானிய மொழியில் அப்படியே தலைகீழ். வினைச்சொல்லுக்குப் பால் கிடையாது. மாட்டிக்கறது 'நான்'லதான். ஆண்கள் 'போகு', 'ஓரே'ம்பாங்க. பெண்கள் 'வதாஷி', 'அதாஷி'. வாயைத் திறந்து முதல் சொல் சொன்னதுமே நீ யாருன்னு சொல்லியாகணும். 'ஜிபுன்'னு ஒண்ணு இருக்கு, 'தான்'னு அர்த்தம், பால் கிடையாது. இப்படி மாட்டிக்கிட்டவங்க பலருக்கு அந்தச் சொல்தான் ஒதுங்க ஒரு திண்ணை. தமிழ்ல நமக்கு 'அவர்', 'வந்தார்'னு மரியாதைப் பன்மை இருக்கறதால நான் தப்பிச்சேன்.

சரி, தங்கமணி கேட்ட பகலுக்கு வருவோம்.

ஜப்பானில் ஒரு மனுஷனோட பகல் வாழ்க்கை 'கொசெகி'ங்கற குடும்பப் பதிவேட்டில் இருக்கு. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில்தான். நம்ம ரேஷன் கார்டு மாதிரின்னு நினைச்சுடாதீங்க, அதை விட ரொம்ப கனமானது. குழந்தையை வெறும் 'மகள்'னு கூட எழுத மாட்டாங்க, 'மூத்த மகள்', 'ரெண்டாம் மகன்'னு பாலோட வரிசையும் போட்டு எழுதுவாங்க. அதிலேர்ந்துதான் மத்த எல்லா அடையாளத் தாளும். வேலைக்கு விண்ணப்பிக்க 'ரிரெகிஷோ'ன்னு அச்சடிச்ச தன்விவரப் படிவம் கடையில் விப்பாங்க. அதில் ஆண், பெண்னு கட்டம் இருக்கும். கோட்டு போட்டு, குரல் உடைஞ்ச ஒருத்தர் 'பெண்'ணுல வட்டம் போட்டுட்டு இன்டர்வியூவுக்குப் போனா என்ன ஆகும்? போடாம போனா பொய்த் தகவல். ராத்திரி வேலையில் இந்தத் தாளுக்கு அவ்வளவு மரியாதை இல்லை, ஆள் எப்படி இருக்கார்னு பார்ப்பாங்க. கபுகிச்சோ அவங்களை இழுத்துச்சுங்கறதை விட, பகல் தள்ளி விட்டுச்சுன்னு சொல்றதுதான் சரி.

பதிவேட்டை மாத்தலாமே? 1995ல அதுக்குச் சட்டமே கிடையாது. மருத்துவம்? அங்கேதான் இந்தக் கதையின் மோசமான திருப்பம் இருக்கு.

1964ல டோக்கியோவில் ஒரு மகப்பேறு மருத்துவர் மூணு பேருக்கு ஆண் உறுப்பு நீக்கும் அறுவை சிகிச்சை பண்ணினார். அந்த மூணு பேரும் பாலியல் தொழில் செஞ்சு பிழைச்சவங்க, 'ப்ளூ பாய்'னு அப்போ ஒரு பேர். அடுத்த வருஷம் மருத்துவர் கைதானார். 1969ல தண்டனை. எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1948ல வந்த 'யூஜெனிக்' பாதுகாப்புச் சட்டம், அதாவது நல்ல வம்சம் உண்டாக்கற சட்டம். சரியான காரணமில்லாம ஒருத்தரை மலடாக்கினது குற்றம்னு தீர்ப்பு. முறைப்படி பரிசோதனை எல்லாம் பண்ணிச் செஞ்சா தப்பில்லைன்னு தீர்ப்பில் வழி இருந்துச்சு. ஆனா மருத்துவர்கள் அதைப் படிக்கலை, 'தண்டனை'ங்கற ஒரே சொல்லைத்தான் படிச்சாங்க. முப்பது வருஷத்துக்குக் கிட்ட எந்த ஆஸ்பத்திரியும் பகிரங்கமா இதைத் தொடலை. வசதி இருந்தவங்க வெளிநாடு போனாங்க.

இதே சட்டத்தை வெச்சுத்தான் அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் சில நோயாளிகளுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை செஞ்சது. 1996ல அந்தப் பகுதிகளை நீக்கற வரைக்கும் சுமார் 25,000 பேர். அதில் சுமார் 16,500 பேருக்கு ஒப்புதலே கேட்கலை. வேணும்னு வந்து கேட்டவங்களுக்குச் செஞ்ச மருத்துவர் குற்றவாளி, வேண்டாம்னவங்களைப் பிடிச்சுச் செஞ்ச அரசாங்கம் சட்டப்படி நடந்துச்சு. இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் மானிட்டரை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். 2024 ஜூலையில்தான் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தடை விதிகள் அரசியல் சாசனத்துக்கே விரோதம், அரசு நஷ்டஈடு கொடுக்கணும்னு சொன்னது.

அப்போ கதவு எப்படித் திறந்துச்சு? டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மருத்துவப் பல்கலைக்கழகம். ஹராஷினா தகாவோன்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். விபத்தில் உறுப்பை இழந்த ஆண்களுக்கு அதைத் திரும்ப உருவாக்கித் தரும் நிபுணர். 1992ல அவரைத் தேடி ஒரு திருநம்பி வந்தார். இழந்தவங்களுக்குத் தர முடியும்னா எனக்கும் தர முடியும்தானே? மருத்துவர் உடனே கத்தியைத் தூக்கலை, 1969 ஞாபகம் இருக்கே. 1995ல தன் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் முறைப்படி அனுமதி கேட்டார். அதே 1995! கபுகிச்சோ படம் வெளியான அதே வருஷம் பக்கத்து மாநிலத்தில் ஒரு மனு மேஜை மேல காத்திருக்கு. 1996ல குழு ஒப்புக்கிச்சு. 1997ல மனநல மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 1998 அக்டோபரில் ஜப்பானின் முதல் பகிரங்கமான, அங்கீகரிக்கப்பட்ட பால் மாற்று அறுவை சிகிச்சை. செஞ்சுக்கிட்டவர் ஒரு திருநம்பி. சினிமா, டிவி எல்லாம் அதுவரை வேடிக்கை காட்டினது பெரும்பாலும் திருநங்கைகளைத்தான். கதவைத் தட்டித் திறந்தது யாரும் கண்டுக்காத இந்தப் பக்கம்.

இதே காலத்தில் தொராய் மசாயேன்னு ஒருத்தர், அமெரிக்கா போய்ச் சிகிச்சை செஞ்சுக்கிட்டு வந்தவர், 1994லிருந்து திருநம்பிகளுக்காக ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். சிறுபத்திரிகைன்னதும் உங்களுக்கே புரிஞ்சிருக்கும், கைக்காசு போட்டு நடத்தறது. கிளப்புக்குப் போகாத, போக விரும்பாத திருநம்பிகள் ஊர் ஊரா ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சது இந்த மாதிரித் தாள்கள் வழியாத்தான். அப்புறம் 2001ல 'கின்பாச்சி சென்செய்'ங்கற ரொம்பப் பிரபலமான பள்ளிக்கூடத் தொடரில் அப்படி ஒரு மாணவன் பாத்திரம் வந்துச்சு. உவேதோ ஆயா நடிச்சது. பாவாடை யூனிஃபார்ம் போட முடியாமத் தவிக்கற பையனை, வீட்டுக் கூடத்தில் அம்மா அப்பா உட்கார்ந்து பார்த்தாங்க. ராத்திரிப் பேட்டையில் மட்டும் இருந்த விஷயம் அன்னிக்குத்தான் சாப்பாட்டு மேஜைக்கு வந்துச்சு.

2003ல சட்டம் நிறைவேறி 2004 ஜூலையில் அமலாச்சு. குடும்பப் பதிவேட்டில் பாலை மாத்திக்கலாம். நிபந்தனைகளைப் பாருங்க. 20 வயசு ஆகியிருக்கணும். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. குழந்தை இருக்கக் கூடாது. உறுப்புத் தோற்றம் மாறியிருக்கணும். அப்புறம், குழந்தை பெறும் திறன் உடம்பில் இருக்கவே கூடாது. அதாவது திருநம்பின்னா கருப்பையும் சினைப்பையும் எடுத்தாகணும். அவருக்கு அது வேணுமா வேண்டாமாங்கறது பேச்சே இல்லை. ஒரு காலத்தில் எந்த அறுவைக்காக மருத்துவரைத் தண்டிச்சாங்களோ, அதைச் செஞ்சுக்கிட்டு வந்தாத்தான் பகலில் இடம்!

குழந்தை நிபந்தனையை 2008ல கொஞ்சம் தளர்த்தினாங்க, வயசுக்கு வராத குழந்தை மட்டும் இருக்கக் கூடாதுன்னு. 2022ல வயசு வரம்பு 18 ஆச்சு. இந்த நிபந்தனைகளைத் தாண்டிப் பதிவேட்டை மாத்தினவங்க பத்தாயிரத்துக்கு மேல. சட்டம் வேண்டாம்னு இவங்க யாரும் சொல்லலை. வேலை, கல்யாணம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தப்போ, கேட்ட விலையைக் கொடுத்தாங்க.

மாத்தினதோட முடிஞ்சதான்னா, இல்லை. ஒரு திருநம்பி பதிவேட்டில் ஆணாகி, ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணி, மனைவிக்கு வேறொருவரின் விந்தணு தானத்தில் குழந்தை பிறந்துச்சு. சாதாரணத் தம்பதி இந்த முறையில் குழந்தை பெத்தா கணவன் பேரை அப்பான்னு எழுதிப்பாங்க, யாரும் கேள்வி கேட்கறதில்லை. இவருக்கு மட்டும் அப்பாங்கற கட்டத்தைக் காலியா விட்டுட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2013 டிசம்பரில் தீர்ப்பு, இவர்தான் அப்பா. ஐந்து நீதிபதிகளில் மூணு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் இல்லைன்னாங்க. மயிரிழை.

2019ல இன்னொரு திருநம்பி, கருத்தடை நிபந்தனையே தப்புன்னு போனார், தோத்தார். ஆனா நாலு நீதிபதிகளில் ரெண்டு பேர் 'இந்த நிபந்தனை சாசனத்துக்கு ஒத்துவருமாங்கற சந்தேகம் இருக்கு'ன்னு தனிக் குறிப்பு எழுதினாங்க. 2023 அக்டோபர் 11ஆம் தேதி ஷிசுவோகா குடும்ப நீதிமன்றத்தின் ஹமாமட்சு கிளை, ஒரு திருநம்பியின் வழக்கில், இது சாசன விரோதம்னு நேராவே சொன்னது. ரெண்டே வாரத்தில், 25ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தக் கருத்தடை நிபந்தனையைச் செல்லாதுன்னாங்க. அது ஒரு திருநங்கை போட்ட வழக்கு. உறுப்புத் தோற்ற நிபந்தனையைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினாங்க. 2024 ஜூலையில் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் அந்த அம்மாவுக்கு அறுவை இல்லாமலே மாத்திக்க அனுமதி கொடுத்துச்சு.

நடுவுல பகல் மனுஷங்களும் வெளியே வர ஆரம்பிச்சிருந்தாங்க. பெண்கள் தேசிய அணியில் வாள் வீசின சுகியாமா ஃபுமினோ, 2006ல தன் கதையைப் புத்தகமாவே போட்டார். 2017ல இருமா நகரசபைக்கு ஹொசொதா தொமோயாங்கற திருநம்பி உறுப்பினரா ஜெயிச்சார். கபுகிச்சோ ஹோஸ்ட் கிளப்புகளுக்கு வேற மாதிரி சோதனை. கடனுக்குச் சரக்கு கொடுத்து, காதல் ஆசை காட்டி, இளம்பெண்களைக் கடனில் மூழ்கடிக்கறாங்கன்னு 2023லிருந்து பெரிய கூச்சல். 2025ல சட்டத்தையே திருத்தி, வாடிக்கையாளரோட காதல் உணர்வைப் பயன்படுத்திச் செலவழிக்க வைக்கறதைத் தடை பண்ணிட்டாங்க. நான் அந்தக் கிளப்புகளை ரொமான்டிக்கா பார்க்கறேன்னு யாரும் நினைக்க வேண்டாம். அங்கே ஒருத்தருக்கு அடைக்கலமா இருந்தது இன்னொருத்தருக்குப் பொறி.

அந்தத் தன்விவரப் படிவத்துக்கும் ஒரு முடிவு வந்துச்சு. 2020ல ஜப்பானின் தர அமைப்பு ஆண்-பெண் கட்டம் இருந்த மாதிரிப் படிவத்தை எடுத்துட்டுச்சு. 2021 ஏப்ரலில் தொழிலாளர் நலத்துறை புது மாதிரி வெளியிட்டுச்சு. அதில் பால் கட்டத்தில் விருப்பம் இருந்தா எழுதலாம், இல்லைன்னா வெறுமனே விடலாம்.

போன வாரம் இதையெல்லாம் தங்கமணிகிட்ட மூச்சு விடாமச் சொல்லி முடிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க, தாட்சு வீட்டை மட்டும் பார்க்கணும்"னாங்க. போட்டேன். கிளப் விளக்கு, கோட்டு சூட்டு எதுவும் இல்லாத இடம். தாட்சு வீட்டில் காதலியோட உட்கார்ந்து பேசிட்டு இருக்கார்.

டிஸ்கி: படத்தில் வர்றவங்களுக்கு 'அவர்'னே எழுதியிருக்கேன். அவங்க தங்களைச் சொல்லிக்கிட்ட விதத்துக்கு நம்ம மொழியில் பக்கத்துல வர்றது அதுதான். எங்காவது கை தவறி வேற மாதிரி விழுந்திருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்.